விண்டோஸ் 11-க்கு மாறணுமா? தமிழ் கம்ப்யூட்டருக்குள் வந்த கதையோடு ஒரு பதில்

பதிவு கொஞ்சம் நீளம். ஆற அமர வாசியுங்கள்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்ததிலிருந்து எனக்கு வருகிற போன்களில் பாதி இதைப் பற்றித்தான். “டீச்சர், என் லேப்டாப் 11-ஐ ஏத்துக்க மாட்டேங்குது, புதுசுதான் வாங்கணுமா?” என்று மேலப்பாளையத்திலிருந்து ஒரு மாணவி. “அத்தை, நல்லா ஓடுற மெஷினை எதுக்குத் தூக்கிப் போடணும்?” என்று மதுரையிலிருந்து மருமகன். ஒரு வார்த்தையில் பதில் சொல்லலாம்தான். ஆனால் இந்தக் கேள்வியை நம் ஊரில் இதற்கு முன் நாலைந்து தடவை கேட்டாயிற்று. அப்போதெல்லாம் என்ன நடந்தது என்று தெரிந்தால் நீங்களே முடிவு செய்துகொள்வீர்கள்.

நான் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. ஆசிரியப் பயிற்சி முடித்துப் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்தவள். எழுத்து எங்கே போனாலும் பின்னாலேயே போய்ப் பார்க்கிற பழக்கம் மட்டும் உண்டு.

1990-களின் கடைசியில் பாளையங்கோட்டையில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் இருந்த மாடிகளில் டிடிபி சென்டர் போர்டு தொங்க ஆரம்பித்தது. உள்ளே விண்டோஸ் 95 அல்லது 98, பேஜ்மேக்கர், ஒரு லேசர் பிரிண்டர். பள்ளி ஆண்டு மலர், கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், அரையாண்டுத் தேர்வு வினாத்தாள் எல்லாம் அங்கேதான். பெரும்பாலும் பாமினி என்ற எழுத்துரு. அரசு அலுவலகங்களில் வானவில் பரவலாக இருந்தது. இன்னொரு கடைக்குப் போனால் இன்னொரு எழுத்துரு.

இந்த எழுத்துருக்களின் சூட்சுமத்தைப் புரிந்துகொண்டால்தான் மீதிக் கதை புரியும். அன்றைய விண்டோஸுக்குத் தமிழ் என்று ஒரு மொழி இருப்பதே தெரியாது. ஆங்கில எழுத்துகளுக்கான இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை வரைந்து வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். பாமினியில் ஆங்கில ‘ஜே’ இருக்கிற இடத்தில் ‘த’ உட்கார்ந்திருக்கும், ‘கே’ இடத்தில் ‘ம’. ஆகவே ‘தமிழ்’ என்று அடித்த கோப்பை பாமினி இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி என்று வரும். கம்ப்யூட்டர் மேல் தப்பில்லை. அதன் வயிற்றில் இருந்தது முதலிலிருந்தே அதுதான். நாம்தான் அதற்குத் தமிழ் வேஷம் கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். பாமினியில் அடித்ததை வேறொரு எழுத்துருவுக்கு மாற்றினாலும் இதே கூத்துதான், ஏனென்றால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு இடத்தில் எழுத்தை வைத்திருந்தார்கள்.

இதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டும் என்று முதலில் முனைந்தவர்களில் வெளிநாட்டுத் தமிழர்கள் முக்கியமானவர்கள். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-லேயே முரசு மென்பொருளைத் தொடங்கிவிட்டார். 1997-ல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியில் முதல் தமிழ் இணைய மாநாடு கூடியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாட்டை ஒட்டித்தான் தமிழ்99 விசைப்பலகையும், டாம், டாப் என்ற இரண்டு எழுத்து ஒழுங்குமுறைகளும் வந்தன. பல எழுத்துருக்காரர்கள் இருந்த சந்தையில் இன்னும் இரண்டு சேர்ந்தது என்று அப்போதே சிலர் கேலி பேசினார்கள். தமிழ்99 மட்டும் தங்கத் துண்டு. இடது கையில் உயிர், வலது கையில் பெரும்பாலும் மெய் என்று நம் இலக்கணத்தை அப்படியே பிடித்து வைத்த பலகை அது. நான் இந்தப் பதிவை அதில்தான் அடிக்கிறேன்.

உண்மையான தீர்வு யூனிகோட். உலக மொழிகளின் எழுத்துக்கெல்லாம் தனித்தனி எண் கொடுக்கும் அந்த முறையில் 1991-லேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கியாயிற்று. ‘த’ என்றால் அது உலகம் முழுக்க ‘த’தான், வேறு எதன் இடத்திலும் ஒண்டிக் குடியிருக்கவில்லை. ஆனால் பட்டாவில் பெயர் ஏறினால் போதுமா? வீட்டுக்குள் விட வேண்டுமே. 2000 பிப்ரவரியில் வந்த விண்டோஸ் 2000-தான் தமிழுக்குக் கதவைத் திறந்தது. லதா என்ற எழுத்துரு அதோடு வந்தது. 2001 அக்டோபரில் வந்த எக்ஸ்பி அதைச் சாதாரண வீடுகளுக்குக் கொண்டுசேர்த்தது. அதிலும் கண்ட்ரோல் பேனலுக்குள் போய் ஒரு கட்டத்தில் டிக் அடித்து, எக்ஸ்பி சிடியைப் போட்டால்தான் தமிழ் ஒழுங்காகத் தெரியும். சிடியைத் தொலைத்தவர்கள் பட்ட பாடு தனிக்கதை. 98-ஐ வைத்திருந்தவர்களுக்கு யூனிகோட் தமிழ், கொம்பும் காலும் இடம் மாறித் துண்டு துண்டாகத்தான் கிடைத்தது.

98-லிருந்து எக்ஸ்பிக்கு மாறியதை நான் ‘மாறியே தீர வேண்டிய மாற்றம்’ என்று சொல்வேன். அதற்கு முன் கம்ப்யூட்டரில் தமிழைப் பார்க்கத்தான் முடிந்தது. அதற்குப் பின்தான் தேட முடிந்தது, அகர வரிசைப்படுத்த முடிந்தது, அமெரிக்காவில் இருக்கிற பிள்ளைக்கு எழுத்துருவை அனுப்பாமலே கடிதம் அனுப்ப முடிந்தது. இன்று நீங்கள் போனில் இதை வாசிக்கிறீர்களே, அதுவும் அந்த வழியில் வந்ததுதான். தமிழ்நாடு அரசு 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில், யூனிகோடையும் டேஸ்16-ஐயும் அதிகாரபூர்வமாக ஏற்றது. கதவு திறந்து பத்து வருஷம் கழித்து!

ஆனால் பழைய கோப்புகள் தாமாக மாறவில்லை. இங்கேதான் எனக்கு நம் ஆற்றங்கரையின் இன்னொரு கதை நினைவுக்கு வருகிறது. உ.வே. சாமிநாதையர் ஏடு தேடி நம் பக்கம் வந்தார், தெரியுமல்லவா? தாமிரபரணிக் கரையில் ஆழ்வார்திருநகரிக் கவிராயர் வீடுகளில் அவருக்குப் பத்துப்பாட்டு ஏடு கிடைத்தது. அது 1889-ல் அச்சேறியது. அதே திருநெல்வேலிச் சீமையில், கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் வரதுங்கராம பாண்டியர் காலத்து ஏடுகள் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனபோது, பழைய ஏடுகளைச் சாஸ்திரப்படி ஹோமத் தீயில் இட்டுவிட்டதாகச் சொன்னார்கள் என்று ‘என் சரித்திர’த்தில் எழுதியிருக்கிறார். ஓலையிலிருந்து காகிதத்துக்கு மாறியது நல்ல மாற்றமா என்று யாரும் இன்று விவாதிப்பதில்லை. பெயர்த்தெழுதியது இருக்கிறது, எழுதாதது இல்லை.

எல்லா மாற்றமும் அப்படித் துண்டித்துவிட வேண்டும் என்பதில்லை. 1978-ல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்தபோது நான் ஆசிரியப் பயிற்சியில் இருந்தேன். யானையின் தும்பிக்கை மாதிரி மேலே சுழித்த ‘லை’, ‘னை’ எல்லாம் போய், சாதாரண ஐகாரக் கொம்பு வந்தது. மொத்தம் 13 எழுத்துகள். கரும்பலகையில் எழுதும்போது கை கொஞ்சநாள் தடுமாறியது, அவ்வளவுதான். பழைய புத்தகத்தை எடுத்தால் இன்றைய பிள்ளையும் அரைமணி நேரத்தில் பழகிக்கொள்ளும். பழையதை வாசிக்கும் வழியை மூடாத மாற்றம் என்பதால் அது நிலைத்தது.

இனி எக்ஸ்பிக்குப் பிந்திய கதை. அதைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். 2007-ல் விஸ்டா வந்தது. மெஷினை மூச்சு வாங்க வைத்தது, பலபேர் தொடவே இல்லை. 2009-ல் விண்டோஸ் 7 வந்தது. நல்ல பிள்ளை. 2012-ல் 8, 2015-ல் 10. தமிழைப் பொறுத்தவரை 8-ல் வந்த நிர்மலா என்ற எழுத்துரு லதாவைவிடக் கண்ணுக்கு இதமாக இருந்தது. மற்றபடி எக்ஸ்பியில் செய்ய முடியாத எந்தத் தமிழ் வேலையையும் இவற்றில் நான் புதிதாகச் செய்ததில்லை. மெஷினுக்குத் தேவைப்படும் நினைவகத்தைப் பாருங்கள்: விண்டோஸ் 95-க்குக் குறைந்தது 4 எம்பி, எக்ஸ்பிக்கு 64 எம்பி, விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி. முதலுக்கும் கடைசிக்கும் ஆயிரம் மடங்கு. நான் அடிக்கிற ‘க’ அதே ‘க’தான்.

பிறகு ஏன் மாறுகிறோம்? பாதுகாப்புக்காக. இதில் இரண்டு வார்த்தைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அப்டேட் என்பது ஒழுகுகிற ஓட்டை மாற்றுவது. அப்கிரேடு என்பது வீட்டையே மாற்றுவது. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற வைரஸ் சுமார் 150 நாடுகளைப் பிடித்து ஆட்டியது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில், வயநாடு, பத்தனம்திட்டா மாவட்டங்களில் பஞ்சாயத்து அலுவலகக் கம்ப்யூட்டர்களும் மாட்டிக்கொண்டன. எக்ஸ்பிதான் விழும் என்று எல்லாரும் நினைத்தார்கள். விழுந்தவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 7. அதற்கான ஓட்டு அந்த மார்ச் மாதமே வந்துவிட்டது, மாட்டத்தான் ஆளில்லை. எனவே புது வீட்டில் இருந்துகொண்டு ஓட்டை மாற்றாதவனைவிட, பழைய வீட்டில் மாதம் தவறாமல் ஓடு மாற்றுகிறவன் பத்திரமாக இருப்பான். ஆனால் ஓடு விற்கிறவன் கடையை மூடிவிட்டால்? விண்டோஸ் 10-க்கு இப்போது நடந்திருப்பது அதுதான்.

எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-ல் கடை மூடியபோது தமிழ்நாடு அரசு தன் துறைகளைப் பாஸ் லினக்ஸுக்கு மாறச் சொன்னது. பாஸ் என்பது சி-டாக் நிறுவனம் உருவாக்கிய நம் நாட்டு இயங்குதளம், காசில்லை. அதற்கும் முன்பே, 2006-07-ல் உமாசங்கர் ஐஏஎஸ் பொறுப்பில் இருந்த காலத்தில், எல்காட் நிறுவனம் சூசே லினக்ஸுக்கு மாறிக் காட்டியது. 2011-ல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப்பிலும் விண்டோஸோடு பாஸ் இருந்தது. அதைத் திறந்துகூடப் பார்க்காமல் அழித்தவர்கள் இதை வாசிக்கிறவர்களிலேயே எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும்! கேரளப் பள்ளிகள் மட்டும் விடாப்பிடியாக லினக்ஸிலேயே பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்துவருகின்றன. இந்த ஒரு விஷயத்தில் எனக்கு அவர்கள்மேல் பொறாமை. வங்கிகள் எப்படி நடந்துகொண்டன என்றால், ஏடிஎம்களை எக்ஸ்பியிலிருந்து மாற்ற ரிசர்வ் வங்கி 2018-ல் கெடு விதிக்க வேண்டியிருந்தது. கடைசிக் கெடு 2019 ஜூன். கடை மூடி ஐந்து வருஷம்.

சரி, மேலப்பாளையத்து மாணவிக்கும் மதுரை மருமகனுக்கும் பதில்.

விண்டோஸ் 11 உங்கள் மெஷினை ஏற்காததற்குக் காரணம் பெரும்பாலும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லாததோ, பிராசஸர் பழையதாக இருப்பதோதான். இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறைக்கு மேல் வேண்டும். மெஷின் ஏற்றுக்கொண்டால் மாறிவிடுங்கள், காசு கேட்பதில்லை. ஏற்காவிட்டால் உடனே கடைக்கு ஓட வேண்டாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, கம்ப்யூட்டர் அமைப்புகளை அதில் சேமிக்கச் சம்மதித்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் இலவசமாகக் கிடைக்கும் என்று அறிவித்திருக்கிறார்கள். அதற்குள் லினக்ஸ் மின்ட், உபுண்டு, பாஸ் ஏதாவது ஒன்றை பென்டிரைவில் போட்டு ஓட்டிப் பாருங்கள். பிடித்தால் ஏற்றிக்கொள்ளுங்கள். தமிழ்99 அதிலும் உண்டு. பழைய விண்டோஸிலேயே இருந்துகொண்டு பேங்க் வேலை, பென்ஷன் வேலை பார்ப்பது மட்டும் அந்தத் தேதிக்குப் பின் வேண்டவே வேண்டாம். புது லேப்டாப்புக்கு நாற்பதாயிரம் கொடுப்பது இதற்கெல்லாம் அப்புறம் வருகிற யோசனை.

எதைச் செய்தாலும் முதலில் ஒன்று. எங்கள் பெரியத்தான் 1998-ல் நம் சாஸ்தா கோயில் வரலாற்றையும் வம்ச வழியையும் பெரியவர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதி, பேஜ்மேக்கரில் அடித்து வைத்தார். அவரும் இல்லை, சொன்ன பெரியவர்களும் இல்லை. ஃபிளாப்பியிலிருந்து சிடிக்கு ஏறியதால் கோப்பு தப்பியது. இன்றைய மெஷின் எதிலும் திறக்கவில்லை. நம் தெருவில் ஒரு வீட்டுப் பரணில் கிடந்த எக்ஸ்பி மெஷினில், அதில் இருந்த பழைய பேஜ்மேக்கரில்தான் திறந்தது. அங்கிருந்து வரிகளை எடுத்து, பாமினியை யூனிகோடாக்கும் மாற்றியில் போட்டு, போன பங்குனி உத்திரத்துக்கு முன் 31 பக்கத்தையும் மீட்டாயிற்று. க்ஷ, ஸ்ரீ வருகிற இடங்களில் மட்டும் கொஞ்சம் உளறியிருந்தது, உட்கார்ந்து திருத்தினேன்.

அந்த எக்ஸ்பி மெஷின் இப்போது என் வீட்டில் இருக்கிறது. நெட் இணைப்பு கொடுக்கவில்லை, கொடுக்கவும் மாட்டேன். பள்ளி ஆண்டு மலர், கோயில் கொடைக் கணக்கு, அப்பா எழுதிய கடிதம் என்று பாமினியிலோ வானவில்லிலோ அடித்த எதுவும் உங்களிடம் இருந்தால், லேப்டாப்பை மாற்றுவதற்கு முன் பென்டிரைவிலோ சிடியிலோ எடுத்து வாருங்கள். ஃபிளாப்பி என்றாலும் பரவாயில்லை, டிரைவ் வேலை செய்கிறது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். வருவதற்கு முன் ஒரு போன் மட்டும் போட்டுவிடுங்கள்.