எண்ணிக்கையும் எண்ணும் முறையும்: நுண்ணங்கி ஆய்வு வரலாற்றில் ஒரு பாடம்

வரலாறு பயில்வோராகிய நாம் எந்தக் கல்வெட்டையும் விசாரணையின்றி ஏற்பதில்லை. ஆய்வுகூடத்திற் பெறப்படும் எண்களும் அவ்வாறே விசாரணைக்குரிய சான்றுகளாகும். அண்மைக்கால விஞ்ஞான வரலாறு இதனைத் தெளிவுறுத்தும்.

நீரிலோ மண்ணிலோ கலந்துள்ள டி.என்.ஏ.யின் குறித்ததொரு பகுதியைப் பெருக்கி, அதன் வரிசையைப் படித்து, ஆங்கு வாழும் உயிர்வகைகளைக் கணக்கிடும் முறை இன்று மெற்றாபார்கோடிங் எனப்படுகின்றது. 2006 ஆம் ஆண்டில் மிச்செல் சோகின் குழுவினர் இத்தகைய முறையால் வட அத்திலாந்திக்கின் ஆழ்கடல் நீரை ஆராய்ந்தனர். முன்னர் அறியப்பட்டதிலும் பத்து முதல் நூறு மடங்கு பல்வகைமை ஆங்குண்டு என்றும், அதிற் பெரும்பகுதி அரிய நுண்ணங்கிகளுக்கு உரியது என்றும் அவர்கள் முடிவு கூறினர்.

அவ்வரியவை யாவும் மெய்யானவையா? 2010 இல் விக்ரர் குனினும் சக ஆய்வாளரும் எளியதொரு சோதனை நடத்தினர். ஈ. கோலி என்னும் ஒரேயொரு பற்றீரியாவின் டி.என்.ஏ.யை அதே முறையாற் படித்தனர். விளைவோ வியப்புக்குரியது. வாசிப்பில் நேர்ந்த பிழைகள் புதிய வகைகளாகத் தோன்ற, ஓருயிர் பலவாகக் கணக்கில் ஏறியது. ஐயத்துக்குரிய வரிசைகளைக் கடுமையாக நீக்கி, 97 வீதமேனும் ஒத்தவற்றை ஒரே வகையெனக் கொண்டபோதே கணக்கு உண்மையை அணுகியது.

ஆழ்கடலில் அரிய உயிர்கள் இல்லை என்பது இதன் பொருளன்று. நீக்குவது எதனை, ஒன்றெனக் கொள்வது எதனை என்னும் ஆய்வாளரின் தெரிவுகளும் அவ்வெண்ணில் அடங்கியுள்ளன என்பதே பொருளாம். ஆகவே, எத்தனை என வினவுமுன் எவ்வாறு எண்ணினர் என வினவுதல் கலைமாணவர்க்கும் விஞ்ஞான மாணவர்க்கும் பொதுவான கடமையாகும்.