பிள்ளை பெற பர்மிஷன்!

1972-ல் 'இசட்.பி.ஜி.' என்று ஓர் ஆங்கில விஞ்ஞானப் படம். ஊரெல்லாம் புகை. இனி பூமி தாங்காது, 30 வருஷத்துக்கு யாருமே பிள்ளை பெறக் கூடாது என்று உலக அரசாங்கம் தடை போடுகிறது. மீறினால் மரண தண்டனை. ஏங்குகிற அம்மாக்களுக்கு ஆறுதலாக ஒரு ரோபோ பொம்மை! அதை வேண்டாம் என்று தள்ளிவிட்டு ரகசியமாகக் குழந்தை பெறுகிறாள் கதாநாயகி.

நம்ம ஊரிலும் இந்தக் கதை உண்டு. சுஜாதா எண்பதுகளில் ஆனந்த விகடனில் எழுதி, பிறகு தூர்தர்ஷனில் சீரியலாக வந்த 'என் இனிய இயந்திரா' ஞாபகம் இருக்கிறதா? ஜீனோ நாயை மறந்திருக்க மாட்டீர்கள். அந்தக் கதை தொடங்குவதே, பிள்ளை பெற்றுக்கொள்ள நிலாவுக்கு சர்க்கார் அனுமதி கிடைப்பதில்தான்.

வெறும் கற்பனை என்கிறீர்களா? அப்படியானால் திண்டுக்கல் பக்கம் வாருங்கள்.

டாக்டர் சௌந்தரம் 1947-ல் தொடங்கிய காந்திகிராமம், சின்னாளபட்டியை ஒட்டி இருக்கிறது. ஜனங்கள் பெருகினால் சோறும் தண்ணீரும் மிஞ்சாது என்று உலகமே பதறிய காலத்தில், பக்கத்து ஆத்தூர் வட்டாரத்தில் குடும்பக் கட்டுப்பாட்டுக்கான முன்னோட்டம் இங்கிருந்துதான் நடந்தது. நர்ஸுகள் வீடு வீடாகப் போனார்கள். பிரசவம், தாய்-சேய் நலம் எல்லாவற்றையும் சேர்த்தே கவனித்தார்கள். 1959-ல் ஆயிரம் பேருக்கு 43 ஆக இருந்த பிறப்பு விகிதம், 1968-ல் 28 ஆனது!

இன்னொரு ஆச்சரியம் கேளுங்கள். அறுபதுகளில் மெட்ராஸ் மாநிலத்தில் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் பெரும்பாலோர் ஆண்கள்.

அப்புறம் என்ன ஆச்சு? எமர்ஜென்சி வந்தது. 1976-77 என்ற ஒரே வருஷத்தில் நாடு முழுக்க 80 லட்சத்துக்கும் அதிகமான ஆபரேஷன்கள். அதிலும் ஆண்கள்தான் அதிகம். பலரைக் கட்டாயப்படுத்தி இழுத்துப் போனார்கள். 1977 தேர்தலில் வடக்கே காங்கிரஸ் துடைத்தெறியப்பட்டது. அதன்பிறகு ஆண்களைத் தொட எந்த அரசுக்கும் தைரியம் வரவில்லை. கத்தி பெண்கள் பக்கம் திரும்பியது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் பாதிக்கும் மேல் ஆபரேஷன் ஆனவர்கள். ஆண்கள்? ஒரு சதவிகிதம்கூட இல்லை.

இப்போது காற்று எதிர்ப்பக்கம் வீசுகிறது. தொகுதிகள் குறைந்துவிடும் என்ற கவலையில், 2025-ல் கல்யாண மேடையிலேயே 'சீக்கிரம் பிள்ளை பெறுங்கள்' என்று முதல்வர் வாழ்த்தினார்.

பூமிக்கு ஆபத்து என்றாலும் அவள் வயிறு. தொகுதிக்கு ஆபத்து என்றாலும் அவள் வயிறு. நிலாவுக்கு அனுமதிக் கடிதம் வந்தது. அதைத் தருகிற உரிமை யாருக்கு உண்டு என்று கேட்டால், ஆத்தூர்ப் பாட்டிகளிடம் பதில் இருக்கும். நாம்தான் அவர்களைக் கேட்டதே இல்லை.