சாப்பாட்டு வேளையில் வெந்த பலகை

வண்ணாரப்பேட்டையில் மரக்கழிவுக்கு ஒரு காலத்தில் நல்ல மரியாதை இருந்தது. மரவாடியில் கொட்டிய தூளைச் சாக்கில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். தகர டின்னின் நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் தூளைக் குத்திக் கெட்டித்து, பாட்டிலை மெல்ல உருவிவிட்டு அடியில் தீ வைத்தால் சோறும் குழம்பும் ஆகிவிடும். மிச்சத் தூள் ஐஸ் பாளங்களைப் போர்த்தப் போனது. துண்டுக் கட்டை விறகுக் கடைக்கும், சீவல் டீக்கடை அடுப்புக்கும் போயின. துறைமுகத்தில் எந்திரம் வந்திறங்கிய பெட்டிப் பலகைகூட ஆணி பிடுங்கப்பட்டு, சந்துக்குள் முக்காலியாகவும் கோழிக்கூண்டாகவும் மறுபிறவி எடுத்தது. இப்படி எதையும் வீணாக்காத ஊருக்குப் பின்னாளில் ஒரு பழுப்புப் பலகை வந்து சேர்ந்தது. அது பிறந்ததோ, மரக்கழிவை மலைமலையாகக் குவித்துக் கொளுத்திய ஓர் ஊரில்.

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் இருக்கிறது லாரல். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மஞ்சள் பைன் மரத்தை அறுத்து ரயிலேற்றுவதுதான் அந்த ஊரின் பிழைப்பு. உருண்டை மரத்தைச் சதுரப் பலகையாக்கினால் ஓரமெல்லாம் கழிவுதான். பட்டை, தூள், வளைந்த விளிம்பு, கணு விழுந்த துண்டு என்று மில்லுக்கு மில் குவிந்தது. வாங்க ஆளில்லை. எரித்தார்கள். அந்தப் புகையைப் பார்த்து வயிறு எரிந்தவர் வில்லியம் மேசன். 1877-ல் பிறந்த பொறியாளர், தாமஸ் எடிசனிடம் தொழில் பழகியவர். பைன் மரத்திலிருந்து டர்பன்டைனும் குங்கிலியமும் எடுக்கும் வழி தேடித்தான் அவர் லாரலுக்கு வந்திருந்தார். வந்த வேலை ஒன்று, கண்ணை உறுத்தியது வேறொன்று.

மரத்துண்டை நாராக்கிவிட்டால் அந்த நாரை மறுபடி எந்த வடிவமாகவும் அமுக்கலாம் என்பது அவர் கணக்கு. ஆனால் எப்படி நாராக்குவது? அரைத்தால் நார் அறுந்து தூளாகும். மருந்து போட்டு வேகவைத்தால் செலவு ஏறும், மரத்தில் பாதி கரைந்து ஓடும். மேசன் பிடித்த வழி கொஞ்சம் முரட்டுத்தனமானது. கனத்த இரும்புக் குழாய்க்குள் மரச் சில்லுகளை அடைத்து நீராவியை ஏற்றினார். சதுர அங்குலத்துக்கு 1,000 பவுண்டு வரை அழுத்தம். பிறகு வாயைச் சட்டென்று திறந்துவிட்டார். சூட்டில் நெல் பொரிவதைப் போல, சில்லுக்குள் புகுந்திருந்த நீராவி ஒரே நொடியில் விரிந்து மரத்தை உள்ளிருந்தே வெடிக்க வைத்தது. பீரங்கிச் சத்தத்தோடு வெளியே வந்து விழுந்தது பழுப்பு நிறப் பஞ்சு. கழிவு நாராகிவிட்டது. அந்த நாரை வாங்கப்போவது யார் என்பதுதான் தெரியவில்லை.

விடை பக்கத்து மாநிலத்தில் இருந்தது. லூசியானாவில் செலோடெக்ஸ் என்றொரு கம்பெனி, கரும்புச் சக்கையை அமுக்கிப் பலகை செய்து விற்றுக்கொண்டிருந்தது. மெத்தென்று, உள்ளே காற்று அடைந்த பலகை. சுவரிலும் கூரையிலும் பதித்தால் சூடும் குளிரும் எளிதில் கடக்காது. சக்கையில் முடிவது மரநாரில் முடியாதா? மேசனும் மெத்தென்ற பலகைக்குத்தான் ஆசைப்பட்டார். இது முக்கியம், ஏனென்றால் அவர் கைக்குக் கடைசியில் வந்தது அதற்கு நேர் எதிரான ஒன்று.

1924-ல் ஒருநாள். ஈர நாரைப் பாய் போலப் பரப்பி, நீராவியால் சூடேறும் இரண்டு இரும்புத் தட்டுகளுக்கு நடுவே வைத்து அமுக்கியிருந்தார். நீராவியை மூடிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனார். மூடினார் என்றுதான் அவர் நினைத்தார். வால்வில் கசிவு. தட்டுகள் ஆறவேயில்லை. அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம் முழுக்க அந்த நார் அழுத்தத்திலும் சூட்டிலும் வெந்துகொண்டிருந்தது. திரும்பி வந்து அழுத்தியைத் திறந்தபோது மெத்தென்ற பலகையைக் காணோம். மெல்லிய, கெட்டியான, பளபளக்கும் தகடு ஒன்று கிடந்தது. வேறொருவராயிருந்தால் வால்வைத் திட்டிக்கொண்டே அதையும் எரிகிற குவியலில் எறிந்திருப்பார்.

கண்டுபிடிப்புக் கதைகள் வாய்மாறி வாய்மாறி மெருகேறுபவை. இதிலும் கொஞ்சம் மெருகு இருக்கலாம். ஆனால் கதைக்குள் இருக்கும் வேதியியலில் பிசகில்லை. மரத்தில் நாரையும் நாரையும் ஒட்டிவைப்பது லிக்னின் என்ற இயற்கைப் பசை. சூட்டில் அது இளகும், ஆறினால் இறுகும். மேசனின் வெடிப்பு அந்தப் பசையைக் கரைத்து ஓடவிடவில்லை, நாரோடு அப்படியே விட்டுவைத்திருந்தது. ஓட்டை வால்வு அதை இளக்கியது, அழுத்தி ஒட்டியது. வெளியிலிருந்து ஒரு சொட்டுப் பசைகூடத் தேவைப்படவில்லை. ஒரேயொரு சிக்கல், அமுக்கும்போது ஈரம் ஆவியாக வெளியேற வழி வேண்டும். அதற்காக நாருக்கு அடியில் கம்பிவலையை வைத்தார்கள். அதனால் பலகையின் ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் வலைத் தழும்பு. அந்தத் தழும்பு கோடிக்கணக்கான தமிழ்ப் பிள்ளைகளின் விரலுக்குப் பழக்கமாகப்போகிறது என்பது லாரலில் யாருக்குத் தெரியும்?

1925-ல் கம்பெனி எழுந்தது. 1928-ல் அதன் பெயர் மேசனைட் ஆனது. 1933-ல் சிகாகோ உலகக் கண்காட்சியில் மேசனைட்டால் ஒரு முழு வீட்டையே கட்டிக் காட்டினார்கள். அதே காலத்தில் செலோடெக்ஸும் இதே மாதிரிக் கெட்டிப் பலகையைச் செய்யத் தொடங்க, மேசனைட் காப்புரிமை வழக்குப் போட்டு வென்றது. கரும்புச் சக்கைக்கும் மரச் சக்கைக்கும் நடந்த வழக்கு! வென்ற பிறகு நடந்ததுதான் வேடிக்கை. தோற்ற கம்பெனியையும் மற்ற போட்டியாளர்களையும் தன் முகவர்களாக்கி, விற்கும் விலையைத் தானே நிர்ணயித்தது மேசனைட். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1942-ல் அந்த ஏற்பாடு சட்டவிரோதம் என்று சொல்லிவிட்டது. இதற்கிடையே சுவீடனில் ஆர்னே அஸ்ப்ளண்ட் என்ற பொறியாளர், வெடிக்க வைக்காமலே, நீராவியில் இளகிய மரத்தைத் தட்டுகளுக்கிடையே தேய்த்து நாராக்கும் எந்திரம் செய்திருந்தார். பீரங்கி இல்லாமலே பலகை செய்ய உலகுக்கு வழி திறந்தது.

இந்தியாவில் கண்ணூரை அடுத்த வளபட்டணத்தில், 1945-ல் தொடங்கிய வெஸ்டர்ன் இண்டியா பிளைவுட்ஸ் இந்தப் பலகையையும் செய்தது. அரசுத் தர நிர்ணயத்தில் இதற்கென்றே ஐ.எஸ். 1658 என்று ஓர் எண்ணும் ஏறியது. ஹார்டுபோர்டு என்ற பெயரில் அது சட்டம் போட்ட சாமி படத்தின் முதுகாக வந்தது. மேசை இழுப்பறையின் அடிப்பலகையாக, வால்வு ரேடியோவின் பின்மூடியாக வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, மார்ச் மாதமானால் கிளிப் மாட்டிய பரீட்சை அட்டையாக வந்தது. வழவழப்பான பக்கத்தில் விடைத்தாள், வலைத் தழும்புப் பக்கத்தில் பேனாவால் கிறுக்கிய பெயரும் வகுப்பும். அத்தனைக்கும் காரணம் ஒரு வால்வைச் சரிசெய்யாமல் விட்டதுதான். ஆனாலும் பலகை தன் பிறவிப் பயனை அடைய இன்னொன்று மிச்சமிருந்தது, உடம்பெங்கும் ஓட்டை.

ஓரங்குல இடைவெளியில் வரிசை வரிசையாகத் துளை போட்டு, துளையில் கம்பிக் கொக்கியை மாட்டினால் சுவரே அலமாரி ஆகிவிடும். கொக்கியை இன்று இங்கே, நாளை அங்கே என்று மாற்றலாம், ஆணியே வேண்டாம். ‘பெக்போர்டு’ என்ற பெயரை 1962-ல் மேசனைட் வணிகச் சின்னமாகவே பதிந்தது. அதற்கு ஓராண்டு முன்பே, 1961-ல், அமெரிக்காவின் புகழ்பெற்ற சமையல்காரர் ஜூலியா சைல்டின் கேம்பிரிட்ஜ் வீட்டுச் சமையலறையில் அவருடைய கணவர் பால் இப்படியொரு சுவரை அமைத்திருந்தார். ஒவ்வொரு சட்டிக்குப் பின்னாலும் அதன் வடிவத்தைக் கோடாக வரைந்தும் வைத்தார். எடுத்தது எங்கே திரும்பப் போக வேண்டும் என்பதைச் சுவரே சொன்னது. அந்தச் சமையலறை இப்போது வாஷிங்டனில், ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தச்சர்கள் அருங்காட்சியகத்துக்குக் காத்திருக்கவில்லை.

பழைய வண்ணாரப்பேட்டையில் இடம் என்பது சதுர அடியில் அளந்து பேசும் சரக்கு. மொட்டை மாடித் தகரக் கொட்டகையிலோ, மாடிப்படிக்கு அடியிலோ இயங்கும் வீட்டுப் பட்டறையில் தரையை இழைப்புளியும் ரம்பமும் பிடித்துக்கொண்டால் ஆள் நிற்க இடமிராது. மிச்சம் இருப்பது சுவர் மட்டுமே. ஓட்டைப் பலகை அங்கேதான் ஏறுகிறது. அதைச் சுவரோடு ஒட்டி அறைந்தால் கொக்கி உள்ளே நுழையாது, பின்னால் முக்கால் அங்குலமாவது இடைவெளி வேண்டும். அதற்கு ரீப்பர் கட்டை. கடையில் வாங்க வேண்டியதில்லை. எரிக்க மனம் வராமல், எதற்கும் நீளம் பத்தாமல் மூலையில் வருஷக்கணக்காகச் சாய்ந்து நிற்கும் துண்டுகளுக்குக் கடைசியில் வேலை வந்துவிடுகிறது. மரக்கழிவை முதுகில் தாங்கி நிற்கும் அந்தப் பலகையும் மரக்கழிவுதான் என்பது தச்சர்களுக்கே அதிகம் தெரியாத சங்கதி.

குறை இல்லாமல் இல்லை. எட்டில் ஒரு அங்குலக் கனப் பலகையில் சுத்தியலைத் தொங்கவிட்டால் நாளடைவில் துளை பிய்ந்து வாய் பிளக்கும், கனத்த சாமானுக்குக் கால் அங்குலம் வேண்டும். இழைப்புளியைத் தொங்கவிடுவது எப்படியும் வீண் வம்பு, அதற்குத் தட்டுதான் சரி. பெரிய எதிரி ஈரம். லிக்னின் எவ்வளவு இறுகினாலும் நார் தண்ணீரைக் கண்டால் உப்பும். அமெரிக்காவில் வீட்டு வெளிச்சுவரில் இதைப் பதித்து, அது ஊறி உப்பியதால் எழுந்த வழக்குகள் 1990-களில் மேசனைட்டைப் படாதபாடு படுத்தின. எண்ணெய் ஊட்டிச் சுட்டெடுத்த டெம்பர்டு ரகம் கொஞ்சம் தாங்கும். ஐப்பசி மழையும் கடல் காற்றும் சேர்ந்து அடிக்கும் வட சென்னையில், அடி விளிம்பைத் தரையிலிருந்து நன்றாகத் தூக்கி, வெட்டிய ஓரத்தில் வார்னிஷ் ஒரு கை பூசுவதே பட்டறைக்காரர்கள் கண்ட வைத்தியம்.

பால் சைல்டின் கோடு போடும் பழக்கமும் இங்கே வந்துவிட்டது. ஸ்பானர், குறடு, மூலைமட்டம் என்று மார்க்கர் பேனாவால் வடிவம் வரைந்துவைக்கிறார்கள். வெறும் கோடு மட்டும் தெரிந்தால் இரவல் போன சாமான் எது என்று உடனே புரிந்துவிடும். எந்த வீட்டுக்குப் போயிருக்கிறது என்பதைச் சந்தில் இறங்கித்தான் விசாரிக்க வேண்டும்.