அடைக்கோழியிடம் தத்துக்குஞ்சு சேர்த்தல்

தான் அடைகாத்த முட்டையிலிருந்து வெளிவராத குஞ்சுகளை, அடையில் அமர்ந்திருக்கும் பெட்டைக்கோழி ஒன்றினிடம் ஒப்புவித்து, அவற்றைத் தன் குஞ்சுகளாகவே ஏற்று வளர்க்கும்படி செய்யும் முறை கோழி வளர்ப்பில் மிகப் புராதனமானது. கி.பி. முதல் நூற்றாண்டில் வேளாண்மை பற்றி விரிவாக எழுதிய ரோமானியர் கொலுமெல்லா, இரண்டு மூன்று கோழிகள் பொரித்த குஞ்சுகளை அவற்றுள் சிறந்த வளர்ப்புத்தாயாகிய ஒன்றினிடம் சேர்த்துவிடலாமென்றும், ஆனால் தன் குஞ்சு இது, பிறர் குஞ்சு இது என்று அக்கோழி பிரித்தறிய மாட்டாத முதல் நாளிலேயே அதனைச் செய்துவிட வேண்டுமென்றும், ஒரு கோழியிடம் 30 குஞ்சுகளுக்கு மேல் விடலாகாதென்றும் விதித்திருக்கிறார். முதல் நாள் என்று அவர் குறித்ததிலேயே இவ்விஷயத்தின் சாரம் அடங்கியிருக்கிறது. இன்ன கோழி, இன்ன ஜாதிக் குஞ்சு என்பவற்றைக் காட்டிலும், எந்த வேளையில் சேர்த்தோம் என்பதே இங்கு முக்கியமாகும்.

கோழியின் தாய்மை எக்காலமும் அதனிடம் நிலைத்திருக்கும் குணமன்று. உடலில் நிகழும் ஒரு மாறுதலால் தோன்றி, சில வாரங்கள் நீடித்து, பின்னர் மறைவது. ஒதுக்கமான இருட்டிடமும், வெதுவெதுப்பும், வயிற்றுக்கடியில் சேர்ந்துவிட்ட முட்டைகளின் ஸ்பரிசமும் கூடிவரும்போது, மூளையை அடுத்துள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து புரோலாக்டின் என்னும் ஹார்மோன் மிகுதியாகச் சுரக்கின்றது. அதனால் சூலகம் சுருங்கி முட்டையிடுதல் நின்றுவிடுவதோடு, அடிவயிற்றின் இறகுகள் உதிர்ந்து, அவ்விடத்துத் தோல் இரத்த ஓட்டம் மிகுந்து சூடேறுகிறது. இந்நிலையை எய்திய கோழி, நாளுக்கொரு முறை இரைக்கும் நீருக்கும் எழுவதன்றி இடம்விட்டு அசையாது. உடலைத் தட்டையாகப் பரப்பி, இறகுகளைச் சிலிர்த்துக்கொண்டு, நெருங்கும் கையைச் சீறிக் கொத்தும். முட்டையிடும் கூடையில் ஓரிரு நாள் தங்கிவிட்டதைக் கண்டு, கோழி அடைக்கு உட்கார்ந்துவிட்டதென்று நம்பிக் குஞ்சுகளை விடுவோர் பெரும்பாலும் ஏமாற்றமே அடைவர். கோழிமுட்டை பொரிய 21 நாட்களாகின்றன. ஆதலின் 15 நாட்களுக்குக் குறையாமல் உறுதியாக அடைகிடந்த கோழியைத் தெரிந்தெடுப்பதும், அது மூன்று வாரத்தை நிறைவுசெய்யும் தறுவாயில் குஞ்சுகளைச் சேர்ப்பதுமே உத்தமம். அதுவரையில் அதன் கீழ்க் கூமுட்டைகளையோ முட்டை வடிவான வழுவழுத்த கற்களையோ வைத்து அடையைக் கலையாமற் காக்கலாம்.

குஞ்சைக் கோழி எவ்வாறு அறிகிறது என்னும் வினாவுக்கு, கண்ணால் என்றே எவருக்கும் விடை கூறத் தோன்றும். ஆனால் பரீட்சைகள் வேறு விடை தருகின்றன. கண்ணாடிக் கவிப்பினுள் அடைக்கப்பட்டு, பரிதவிப்பது நன்கு தெரிந்தும் குரல் மட்டும் வெளிவராத குஞ்சைத் தாய்க்கோழி பொருட்படுத்தாமல் மேய்ந்துகொண்டிருந்தது. மறைப்புக்குப் பின்னால், உருவம் தெரியாமல் கீச்சிடும் குரல் மட்டும் கேட்ட குஞ்சை நோக்கியோ அது பதறி ஓடிற்று. 1960-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், செவிப்புலன் நீக்கப்பட்ட வான்கோழிகள் தாம் பொரித்த குஞ்சுகளையே பகையெனக் கருதிக் கொத்திக் கொன்றமை பதிவாகியுள்ளது. தாயின் கோபத்தை அடக்குவது குஞ்சின் குரல் என்பதை இதைவிடத் தெளிவாக, இதைவிடத் துயரமாகக் காட்டுவது அரிது. குரலுக்கு அடுத்தது ஸ்பரிசம். அடையே கிடக்காத பெட்டைகளையும், சேவல்களையுங்கூட, குஞ்சுகளோடு நெருக்கமான இடத்தில் பல நாட்கள் அடைத்து வைத்தால், அவற்றுட் சில குஞ்சுகளை இறகுக்குள் வாங்கி வளர்க்கத் தலைப்படுகின்றன. 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு விஞ்ஞானி ரேயோமூர், விதையடித்த சேவல்களை இவ்வாறு குஞ்சு வளர்க்கப் பழக்குவதைக் குறித்து எழுதியிருக்கிறார்.

இனி, குஞ்சின் பக்கத்திலும் ஒரு காலவரையறை உண்டு. முட்டையை விட்டு வெளிவருமுன் மஞ்சட்கருவின் மிச்சத்தைக் குஞ்சு தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்வதால், இரண்டு நாட்களுக்கு மேலும் இரையின்றித் தாங்க வல்லதாயிருக்கிறது. ஒரு நாள் குஞ்சுகள் அட்டைப்பெட்டிகளில் வெளியூர்களுக்கு அனுப்பப்படுவது இதனாலேதான். ஆனால் வயிறு பொறுப்பதுபோல மனம் பொறுப்பதில்லை. 1873-இல் டக்ளஸ் ஸ்பால்டிங் என்னும் ஆங்கிலேயர் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, பொரித்தவுடன் கண் மறைக்கப்பட்ட குஞ்சுகள், ஓரிரு நாட்களில் மறைப்பு நீக்கப்பட்டபோது முதலிற் கண்ட மனிதரையே தொடர்ந்து ஓடின. ஏறத்தாழ நான்கு நாட்கள் கழித்து நீக்கப்பட்டவையோ அவரைக் கண்டு அஞ்சி விலகின. தாயின் அழைப்பை எட்டுப் பத்து நாட்கள்வரை கேளாதிருந்த குஞ்சு, பின்னர் அதனைக் கேட்டும் கேளாததுபோலிருக்கும் என்பதும் அவர் கண்டதே. கொன்ராட் லோரென்ஸ் 1935-இல் முதலிற் கண்டது இவ்வாறு குஞ்சின் மனத்தில் பதிந்துவிடுவதைப் பற்றி விரிவாக எழுதி, பிற்காலத்தில் விலங்குகளின் நடத்தை பற்றிய ஆராய்ச்சிகளுக்காக 1973-இல் நோபல் பரிசு பெற்றார். விளக்கொளியில் ஒரு வாரம் வளர்ந்த குஞ்சுகளைக் கோழியிடம் விடும்போது, கோழி அழைத்தாலும் அவை அதனிடம் செல்லாமல் மூலையில் ஒடுங்குவதற்குக் காரணம் இதுதான். ஆகவே ஒன்றிரண்டு நாள் வயதுக்குள் சேர்ப்பதே ஏற்றது. மூன்று நான்கு நாட்களுக்குமேல் முயல்வது குஞ்சுகளைத் துன்புறுத்துவதாகவே முடியும்.

தமிழ்நாட்டில் இம்முறைக்கு இன்றும் இடமுண்டு. அதிக முட்டைக்காக ஒயிட் லெகார்ன் இனத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்ததில், அடைகிடக்கும் சுபாவம் அதனிடம் ஏறக்குறைய அற்றுப்போயிற்று. புழக்கடை வளர்ப்புக்கென உருவாக்கப்பட்ட வனராஜா போன்ற இனங்களும் அடைக்கு உதவா. அத்தகைய குஞ்சுகளைப் பொரிப்பகத்திலிருந்து வாங்கி வரும் குடியானவருக்கு, நாட்டுக்கோழிகளில், சிறப்பாகச் சிறுவிடைக் கோழிகளில், கைமேல் கிடைக்கும் தாய் இருக்கிறது. முதல் வாரத்தில் குஞ்சுகளுக்குச் சுமார் 33 முதல் 35 பாகை செல்சியஸ் வெப்பம் தேவை. மின்விளக்கு அணைந்துவிடும் கிராமத்து இரவுகளில் அவ்வெப்பத்தைத் தவறாமல் தருவது, 41 பாகையளவு உடற்சூடுடைய அக்கோழியே.

சேர்க்கும் வேலையை நன்றாக இருட்டிய பிறகே செய்தல் வேண்டும். அதற்குச் சில நாட்கள் முன்னரே கோழியின் இறக்கையடியையும் கழுத்தையும் விரித்துப் பார்த்து, பேன் இருப்பின் ஒழித்துவிடுவது நன்று. இல்லையேல் அவ்வளவும் மெல்லிய குஞ்சுகளின்மேல் ஏறிவிடும். குறித்த இரவில், குஞ்சைக் கைகளுக்குள் பொத்திச் சூடேற்றிக்கொண்டு, வெளிச்சம் காட்டாமல் கோழியின் பின்புறமாகவோ பக்கவாட்டிலோ அணுகி, புறங்கை மேலிருக்கும்படி உள்ளே செலுத்தினால், கோழி கொத்தினாலும் கொத்து கையின்மேல் விழும். ஒரு முட்டையை எடுத்துக்கொண்டு, அதே இடத்தில் ஒரு குஞ்சை வைத்துக் கையை மெல்ல இழுத்துக்கொள்ள வேண்டும். குளிர்ந்த குஞ்சு வயிற்றில் பட்டால் கோழி திடுக்கிட்டு எழுந்துவிடும். சூடான குஞ்சோ முட்டை நகர்ந்தது போலவே உள்ளே அடங்கிவிடுகிறது. முதலில் ஒன்றிரண்டை வைத்துச் சிறிது நேரம் செவிகொடுத்துக் கேட்டல் நலம். குஞ்சின் கீச்சொலிக்கு மறுமொழியாகக் கோழி தாழ்ந்த குரலில், தொண்டைக்குள்ளேயே இடைவிட்டுக் கொக்கரிக்கத் தொடங்கினால், எஞ்சியவற்றையும் ஒவ்வொன்றாகச் சேர்த்துவிடலாம்.

மறுநாள் பொழுது புலரும்போது அருகிலிருந்து கவனிப்பதைச் சோம்பலால் தவிர்க்கலாகாது. இருளில் ஸ்பரிசத்தாலும் குரலாலும் ஏற்றவற்றைக் கோழி முதன்முறை கண்ணாற் காணும் வேளை அதுதான். நொய்யைக் கொத்திக் கொத்திக் கீழே போட்டு விரைந்த குரலில் அழைத்தால் காரியம் கைகூடிற்று. ஓரிரு முறை இலேசாகக் கொத்துவதைப் பெரிதாக எண்ண வேண்டியதில்லை; தலையைக் குறிவைத்து ஓங்கிக் கொத்தினாலோ, தப்பியோடும் குஞ்சைத் துரத்தினாலோ, உடனே குஞ்சுகளை எடுத்துவிட வேண்டும், ஏனெனில் அப்படிப்பட்ட கோழி சிறிது நேரத்தில் பலவற்றைக் கொன்றுவிடக்கூடும். ஏற்கெனவே சொந்தக் குஞ்சுகளோடு சில நாட்கள் பழகிவிட்ட கோழி, புதியவற்றை, அதிலும் நிறம் மாறுபட்டவற்றை, எளிதில் பிரித்தறிந்து விலக்கும். சொந்தக் குஞ்சுகள் பொரிக்கும் அதே இரவில் தத்துக்குஞ்சுகளையும் கலந்துவிட்டால் இத்தொல்லை பெரும்பாலும் இல்லை.

ஏற்றுக்கொண்ட பின், முதல் சில நாட்கள் தாயையும் குஞ்சுகளையும் ஒரே பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்தால் குஞ்சுகள் தாயின் குரலுக்குப் பழகிவிடும். பருந்துக்கும் கீரிக்கும் அஞ்ச வேண்டியதுமில்லை. நீர்த்தட்டு ஆழமற்றதாயிருத்தல் வேண்டும். அதில் கூழாங்கற்களை இட்டுவைத்தால் குஞ்சுகள் விழுந்து நனையா. முட்டைக்கோழித் தீவனத்திலுள்ள மிகுந்த சுண்ணாம்புச்சத்து குஞ்சுகளின் சிறுநீரகத்தைக் கெடுக்குமாதலால், தாயும் குஞ்சுத்தீவனத்தையே தின்னட்டும். எண்ணிக்கையைப் பொறுத்தவரை, கொலுமெல்லா சொன்ன 30 நம் நாட்டுக்கோழிக்கு மிகுதி. பத்துப் பன்னிரண்டு போதும், இரவில் ஒரு குஞ்சும் இறகுக்கு வெளியே நில்லாதிருக்க வேண்டுமென்பதே அளவு. வெளியிலிருந்து வரும் குஞ்சுகள் வெள்ளைக்கழிச்சல் போன்ற நோய்களைக் கொண்டுவரக்கூடுமாகையால், அவற்றை நம்பகமான இடத்திலேயே வாங்கி, உரிய நாளில் தடுப்பு மருந்து இடுவித்தல் அவசியம்.

பிற இனக் குஞ்சுகளையும் இவ்வாறே ஒப்புவிக்கலாம். வாத்துக்குஞ்சுகளைக் கோழி தயக்கமின்றி ஏற்கிறது. அவை குளத்தில் இறங்கும்போது கரையில் நின்று அது பதறியழைப்பது நாட்டுப்புறத்தார் பலரும் அறிந்த காட்சி. வான்கோழிக் குஞ்சுகள் விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை தேவை. கோழியின் குடற்புழு வழியாகப் பரவும் கரும்தலை நோய் கோழிக்குப் பெருந்தீங்கு செய்யாவிடினும் வான்கோழிக் குஞ்சுகளை மாய்த்துவிடும்.

ஆறு முதல் பத்து வாரங்களில் கோழி குஞ்சுகளைக் கொத்தி விலக்கத் தொடங்குகிறது. தத்துக்குஞ்சுகள் என்று கண்டுகொண்டதால் வந்த வெறுப்பு இதுவன்று. சொந்தக் குஞ்சுகளையும் அப்பருவத்தில் அது இவ்வாறே விலக்கும். சூலகம் மீண்டும் வளர்ந்து முட்டையிடும் காலம் அடுத்துவிட்டமைக்கு அது அறிகுறியாதலால், அப்பொழுதே குஞ்சுகளை வேறு கூட்டுக்கு மாற்றிவிடலாம்.