கிறிஸ்மஸ் கிண்ணத்தின் கதை

கிறிஸ்து பிறப்பு விழா நெருங்கும் நாட்களில் பங்கு இல்லத்திற்கு வரும் அன்பர்கள் சிலர் தயங்கித் தயங்கி நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "சாமி, பண்டிகைக்கு வீட்டில் எல்லாரும் கூடுகிறோம். பலவற்றைக் கலந்து ஒரு பானம் செய்து வைக்கலாமா? அது பாவமாகுமா?" என்பதே அது. ஆகும், ஆகாது என ஒரே சொல்லில் விடையிறுத்து அனுப்புவது எளிது. ஆயினும் அப்பானத்தின் வரலாற்றை அறிந்துகொண்டால் விடை தானே புலப்படும் என்பது நமது எண்ணம். அதற்காகவே இவ்விழா மலரில் இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு பங்கில் பணியாற்றியபோது, கிறிஸ்மஸ் இரவில் ஓர் இல்லத்தை மந்திரிக்கச் சென்றிருந்தோம். கூடத்தில் பெரியதொரு கண்ணாடிக் கிண்ணம். அதைச் சுற்றி அண்ணன் தம்பிகள், மைத்துனர்கள், பேரப்பிள்ளைகள். வீட்டின் மூத்த மகன் மட்டும் திண்ணையில் தனியே அமர்ந்திருந்தார். குடியை விட்டு அவருக்கு அப்போது பதினொரு மாதம். கிண்ணத்தில் ரம் கலந்திருந்தமையால் அவர் அருந்தத்தக்கது அக்கூடத்தில் ஒன்றுமில்லை. அவருடைய சிறு மகள் ஒரு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். தாம் பிறந்த வீட்டுப் பண்டிகையில் அவர் அயலாராய் அமர்ந்திருந்த அக்காட்சி இன்றும் நம் மனத்தை விட்டு அகலவில்லை.

பண்டிகைக் கிண்ணம் தோன்றியதன் நோக்கம் இதற்கு நேர் எதிரானது. இங்கிலாந்தில் கிறிஸ்மஸ் காலத்தில் 'வாசெயில்' என்னும் பானத்தைப் பெரிய மரக்கிண்ணத்தில் வைப்பது பழைய வழக்கம். சூடாக்கிய பார்லி மதுவில் சர்க்கரையும் நறுமணப் பொருள்களும் சுட்ட ஆப்பிளும் சேர்த்து அதனைச் செய்வர். 'நலமாயிரு' என்ற பழைய ஆங்கில வாழ்த்தே அப்பெயராயிற்று. அருகிருப்பவரை வாழ்த்திவிட்டுக் கிண்ணத்தை அவரிடம் நீட்டுவதே அதன் மரபு.

அடுத்து வந்தது 'பஞ்ச்'. இதன் வரலாற்றில் நம் கடற்கரைக்கும் பங்குண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியர் ஒருவர் 1632 ஆம் ஆண்டு சோழமண்டலக் கரையிலுள்ள பெட்டபோலிக்கு, அதாவது இன்றைய ஆந்திர மாநிலத்து நிஜாம்பட்டினத்திற்கு, எழுதிய கடிதத்தில்தான் இப்பானத்தின் பெயர் முதன்முதலாகக் காணக்கிடைக்கிறது. ஐந்து எனப் பொருள்படும் 'பஞ்ச' என்ற நம் நாட்டுச் சொல்லே அப்பெயருக்கு மூலம் என்பர் பலர். பீப்பாயைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது என்பாரும் உளர். சாராயம், எலுமிச்சைச் சாறு, சர்க்கரை, நறுமணப் பொருள், தண்ணீர் ஆகிய ஐந்துமே அதன் உறுப்புகள். மாலுமிகளும் வணிகரும் அதனைத் தம் தாயகத்திற்குக் கொண்டுசென்றனர். நாளடைவில் அது கிறிஸ்மஸ் விருந்திலும் இடம்பிடித்தது.

1843 இல் இலண்டனில் வெளிவந்த சார்லஸ் டிக்கன்ஸின் கிறிஸ்மஸ் கதையில், ஏழைக் குமாஸ்தாவின் குடும்பம் கணப்பைச் சுற்றி அமர்ந்து சூடான பஞ்சைப் பருகி வாழ்த்துக் கூறுகிறது. மனந்திரும்பிய கஞ்சன் இறுதியில் அக்குமாஸ்தாவோடு பகிர விரும்பும் பானத்தின் பெயரோ 'பிஷப்'! சுட்ட ஆரஞ்சும் கிராம்பும் சேர்த்துச் சூடாக்கிய சிவப்புத் திராட்சை மதுவே அது. நம் ஆயர் பெருமக்கள் பொறுத்தருள்வார்களாக!

அதே 1843 இல் அதே இலண்டனில் முதல் கிறிஸ்மஸ் வாழ்த்து அட்டை விற்பனைக்கு வந்தது. குடும்பத்தார் அனைவரும் மதுக்கிண்ணம் ஏந்த, சிறு குழந்தைக்கும் அது புகட்டப்படுவதை அப்படம் காட்டிற்று. மதுவிலக்கு அன்பர்கள் அதனைக் கண்டித்தனர். அவர்கள் அஞ்சியதற்குக் காரணமும் இருந்தது. 1826 கிறிஸ்மஸ் இரவில் அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரி மாணவர்கள், பாலும் முட்டையும் சேர்ந்த 'எக்நாக்' பானத்தில் கள்ளத்தனமாகக் கொணர்ந்த விஸ்கியைக் கலந்து குடித்துக் கலகம் விளைவித்தனர். பலர் இராணுவ விசாரணைக்கு உள்ளாயினர். அயர்லாந்திலோ கப்புச்சின் சபைக் குரு தியோபால்டு மத்தேயு 1838 இல் கார்க் நகரில் மதுவிலக்கு உறுதிமொழி இயக்கத்தைத் தொடங்க, இலட்சக்கணக்கானோர் அவர் முன் உறுதி பூண்டனர்.

மதுவைத் திருச்சபை வெறுக்கிறதா? இல்லை. திருப்பலிக்கு இயற்கையான திராட்சை இரசமே வேண்டுமென அது விதித்திருக்கிறது. கானாவூர்த் திருமணத்தில் ஆறு கற்சாடிகள் நிறைந்ததை யாவரும் அறிவோம். ஆனால் அங்கே அன்னை மரியாள் கவனித்தது என்ன? விருந்தில் ஒரு குறை நேர்ந்திருப்பதையே. எவருக்கு என்ன இல்லை என்று பார்க்கும் அக்கண்ணே நம் இல்லங்களுக்கும் தேவை.

பஞ்சின் ஐந்து உறுப்புகளை மீண்டும் எண்ணிப் பாருங்கள். ஐந்தில் நான்கு குற்றமற்றவை! எஞ்சிய ஒன்றின் இடத்தில் திராட்சைச் சாற்றை வைத்தால் போதும். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சையை 1832 இல் பிரெஞ்சுக் குரு ஒருவர் இந்நாட்டில் அறிமுகப்படுத்தினார் என்பர்; அதற்கு 2023 இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஒரு கிலோ பன்னீர்த் திராட்சையைக் கழுவி, அரை லிட்டர் தண்ணீரில் தோல் வெடிக்கும் வரை வேகவைத்து, மசித்து வடிகட்டுக. ஒன்றரை லிட்டர் தண்ணீரில் ஒரு துண்டு பட்டை, ஆறு கிராம்பு, தட்டிய சுக்கு சிறிது இட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, 200 கிராம் சர்க்கரையைக் கரைத்து வடிகட்டுக. இரண்டும் ஆறியபின் ஒன்றாக்கி, நான்கு எலுமிச்சம்பழங்களின் சாற்றைச் சேர்க்க. புளிப்புள்ள பானமாதலால் எவர்சில்வர் அல்லது கண்ணாடிப் பாத்திரமே ஏற்றது. அன்றே பருகிவிடுக, வெளியில் வைத்தால் நொதித்துவிடும். 'வீட்டு ஒயின்தானே' என்று குழந்தைகளுக்குக் கொடுப்போர், நொதித்த சாறும் மதுவே என்பதை மறத்தலாகாது. இனிப்பும் புளிப்பும் மதுவின் காரத்தை மறைக்குமேயன்றி அதன் வலிமையைக் குறைப்பதில்லை.

எனவே அன்பர்களின் கேள்விக்கு நமது விடை இதுவே: பானம் கலப்பது பாவமன்று, மிதமிஞ்சிய குடி பாவம். பெரியவர் எவரேனும் அளவோடு மது அருந்த விரும்பினால் அது தனியே இருக்கட்டும். நடுக்கூடத்துக் கிண்ணம் மட்டும் பாட்டியும் பேரனும், கர்ப்பிணி மருமகளும், குடியை விட்டுப் போராடும் தம்பியும் ஒருங்கே பருகத்தக்கதாக இருக்கட்டும்.

திண்ணையில் அமர்ந்திருந்த அம்மனிதரை மறுநாள் காலைத் திருப்பலியில் கண்டோம். அவர் உறுதி தவறவில்லை. ஆயினும் அன்றிரவு அவருக்குத் துணைநின்றது அச்சிறுமியின் ஒரு தம்ளர் தண்ணீரே. பங்கின் இந்த யூபிலி ஆண்டில் நம் இல்லங்கள் எதிலும் ஒருவரும் திண்ணையில் தனித்திருக்க வேண்டாம். பாலன் இயேசு உங்கள் குடும்பங்களை நிறைவாக ஆசீர்வதிப்பாராக!