எண்ணாமல் விளைந்த பயன்: 'டெலியாலஜி' என்ற சொல்லின் வரலாறு

இயற்கையிலுள்ள ஒன்றை அதன் பயனைக் கொண்டு விளக்கும் முறைக்கு 'டெலியாலஜி' என்று பெயர். கிரேக்க வேர்களைப் பார்த்துப் பழஞ்சொல் என்று எண்ணிவிடுகிறோம். ஆனால் ஜெர்மன் மெய்யியலாளர் கிறிஸ்டியான் வோல்ஃப் 1728இல் வெளிவந்த தம் லத்தீன் நூலில் ஆக்கிய சொல் இது. 'டெலோஸ்' என்றால் முடிவு, நிறைவு. பொருள்களின் பயனை ஆராயும் துறைக்கு அவர் இட்ட பெயரில், அந்தப் பயன்கள் இறைவன் கருதியவை என்ற நம்பிக்கையும் சேர்ந்தே வந்தது. பயனும் படைத்தவன் எண்ணமும் பிரியாதவை என்று நாம் நினைப்பதற்கு இந்தச் சேர்க்கை ஒரு காரணம். கருத்தின் தொடக்கத்தில் அது இல்லை.

கருத்து அரிஸ்டாட்டிலுடையது. அவர் வகுத்த நான்கு காரணங்களுள் ஒன்று 'எதன்பொருட்டு' என்பது. முன்பல் கூர்மையாகவும் கடைவாய்ப்பல் அகலமாகவும் முளைப்பது கடிக்கவும் அரைக்கவுமே, தற்செயலாக அன்று என்றார். ஆனால் சிலந்தி ஆலோசித்து வலை பின்னுவதில்லை என்றும் அவரே சொன்னார். அவருடைய இயற்கைக்குப் பயன் உண்டு; திட்டமிடுபவர் தேவையில்லை. 'எதன்பொருட்டு' என்ற கேள்வி அறிவியலுக்கும் உதவியது. உடற்கூற்றியலாளர் ஃபாப்ரீசியஸ் 1603இல் விவரித்த சிரை வால்வுகள் ஏன் இதயத்தை நோக்கி மட்டும் திறக்கின்றன என்று மருத்துவர் வில்லியம் ஹார்வி சிந்தித்தார். குருதிச் சுற்றோட்டத்தை 1628இல் நிறுவினார்.

1802இல் இறையியலாளர் வில்லியம் பேலி கடிகாரத்தைக் காட்டி, அமைப்பு இருந்தால் அமைத்தவரும் உண்டு என்று வாதிட்டார். 1859இல் டார்வின், அமைத்தவர் இன்றியே அமைப்பு உருவாகும் வழியைக் காட்டினார். அதன்பின் உயிரியலாளர் பலர் பழைய சொல்லைப் பயன்படுத்தக் கூசினர். 1958இல் உயிரியலாளர் காலின் பிட்டன்ட்ரிக், திட்டமிடுபவர் இல்லாத பயனைக் குறிக்க 'டெலியோனமி' என்ற புதுச்சொல்லை முன்வைத்தார். வெறும் பெயர்மாற்றம்தானே, பின்னால் வரும் பயன் முன்னால் உள்ள உறுப்புக்கு எப்படிக் காரணமாகும் என்று கேட்கலாம். இன்றைய வால்வுக்குக் காரணம் இன்றைய பயன் அன்று. முன்னோர் உடலில் அது தந்த பயன். அந்தப் பயனால் அவர்கள் பிழைத்தனர், வால்வும் வழிவழி வந்தது. எண்ணம் எதுவும் இதற்கு வேண்டியதில்லை. இந்த விளக்கத்தைச் சோதிக்கவும் முடியும். ஒட்டகச்சிவிங்கியின் இடப்பக்கக் குரல்வளை நரம்பு மார்புவரை இறங்கி, பெருந்தமனியைச் சுற்றி, மீண்டும் கழுத்தில் ஏறுகிறது. நேர்வழி இருக்க இப்படிச் சுற்றுவதைத் திட்டமாகக் கொள்வது கடினம்; மீன் போன்ற மூதாதையரின் உடலமைப்பிலிருந்து வந்தது என்றால் விளங்குகிறது. ஆகவே 'இதயம் எதற்கு?' என்று கேட்க உயிரியல் தயங்க வேண்டியதில்லை. அது அரிஸ்டாட்டிலின் கேள்வி. டார்வினுக்குப் பிறகு அதற்கு வரலாற்றிலிருந்து விடை சொல்ல முடிகிறது.