இது பையா, பொம்மையா?

ஒரு சின்ன பையைக் கற்பனை பண்ணிக்கோங்க. பிளாஸ்டிக், மேலே கார்ட்டூன் படம், நாலு வயசுக் குழந்தை தோளில் மாட்டிக்கிற சைஸ். இது பையா, விளையாட்டுச் சாமானா? அமெரிக்க கஸ்டம்ஸ்ல இந்தக் கேள்விக்கு ஒரு விலை இருந்தது. பைன்னா 20 சதவீத வரி. விளையாட்டுச் சாமான்னா பூஜ்யம்.

உலகத்தில் துறைமுகம் தாண்டுற எல்லாப் பொருளுக்கும் ஒரு எண் உண்டு. 1988-ல் நடைமுறைக்கு வந்த ஹெச்.எஸ். கோடு அது. பை, பெட்டி, பர்ஸ் எல்லாம் 4202. விளையாட்டுச் சாமான் 9503. வேடிக்கை என்னன்னா, 42-ம் அத்தியாயத்தின் குறிப்பு 'விளையாட்டுச் சாமான் இங்கே வராது'ன்னு சொல்லும். 95-ம் அத்தியாயத்தின் குறிப்பு '4202-ல் வர்ற பைகள் இங்கே வராது'ன்னு சொல்லும். ரெண்டு வீட்டுக்காரரும் 'உங்க பிள்ளை'ன்னு கை காட்டுற கதைதான்.

இந்தச் சண்டைக்கு ஒரு முன்கதை இருக்கு. டாய் பிஸ் கம்பெனி 1994-ல் எக்ஸ்-மென் உருவங்களை இறக்குமதி செய்தது. அப்போ 'டால்' என்றால் 12 சதவீதம், மற்ற விளையாட்டுச் சாமான் என்றால் 6.8. தமிழில் ரெண்டையும் பொம்மைன்னே சொல்லிடுறோம், சட்டம் அப்படி விடலை. மனுஷ உருவம் மட்டும்தான் டால். அதனால கம்பெனி கோர்ட்டில் வாதாடியது: எங்க எக்ஸ்-மென் மனுஷங்களே இல்லை! அவங்களையும் மனுஷங்களா ஏத்துக்கணும்னு வருஷக்கணக்கா சொல்லிட்டு வந்த காமிக்ஸ் அது. 2003-ல் நீதிபதி ஜூடித் பர்ஸிலே கம்பெனி பக்கம் தீர்ப்பு சொன்னார். ரசிகர்கள் கொதிச்சது நியாயம்தான்.

அதுக்கு முன்னாடி, 2000-ல், கார்ட்டூன் உருவத்தில் செஞ்ச குளியல் நுரை பாட்டில்கள் பற்றி ஒரு வழக்கு. வெறும் பேக்கிங்னு சொன்னது கஸ்டம்ஸ். குழந்தை அதை வெச்சு விளையாடுதேன்னு சொன்னது மின்னடோங்கா என்ற கம்பெனி. கம்பெனிதான் ஜெயிச்சது.

சரி, பாட்டிலே பொம்மையாகலாம்னா பை ஏன் ஆகக்கூடாது? பிராசஸ்டு பிளாஸ்டிக் என்ற கம்பெனி குழந்தைகளுக்கான முதுகுப்பை, பீச் பைகளுக்கு அதைத்தான் கேட்டது. 2006-ல் ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்துடுச்சு. கோர்ட் பார்த்தது ஒரே விஷயம்: இந்தப் பொருளின் முதன்மைப் பயன் என்ன? குழந்தை அதோட விளையாடலாம், படத்தைப் பார்த்துச் சிரிக்கலாம். ஆனா அது சாமான் வெச்சுத் தூக்கிட்டுப் போறதுக்கான பை. 20 சதவீதத்தைக் கட்டணும்.

எனக்கு உறுத்துறது வேற ஒண்ணு. அமெரிக்கப் பட்டியலில், அண்மையில் ஏறின கூடுதல் வரிகளை விட்டுப் பார்த்தா, 20 டாலருக்கு மேல் போற தோல் ஹேண்ட்பேக்குக்கு வரி 9 சதவீதம். பிளாஸ்டிக் ஷீட்டில் தைச்ச ஹேண்ட்பேக்குக்கு 16. செயற்கை இழைத் துணின்னா 17.6. குழந்தைகளுக்கான மலிவு ஹேண்ட்பேக் பெரும்பாலும் எதில் தைக்கிறாங்கன்னு யோசிங்க. பணக்காரப் பையைவிட அதுக்குத்தான் வரி விகிதம் அதிகம்.

இந்தியாவில் கதை தலைகீழ். விளையாட்டுச் சாமான்களுக்கான அடிப்படைச் சுங்கவரி 2020 பட்ஜெட்டில் 20-லிருந்து 60 சதவீதம் ஆச்சு, 2023-ல் 70. பைக்கு அவ்வளவு கிடையாது. அதே கார்ட்டூன் பை அப்போ சென்னைத் துறைமுகத்தில் இறங்கியிருந்தா, கொண்டுவந்தவர் சத்தியமே பண்ணியிருப்பார்: "சார், இது பைதான் சார், பொம்மையே இல்லை."